மடுல்சீமை மயானத்தில் மண்ணுக்கடியில் ஓடிய கரண்டுக் கம்பி

மடுல்சீமைக்குப் போக வழி கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது மலை பார்க்க அல்ல, ஒரு சாவுக்கு. எழுபதுகளின் பின்பாதி, மாசி மாதம். இலங்கை மலையகத்தில், பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மடுல்சீமைத் தோட்டத்தில் இருந்த என் அக்கா சரோஜாவின் புருஷன் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார் என்று விடிந்ததும் ஓர் ஆள் வந்து சொன்னார்.

பதுளையிலிருந்து பசறை பதினொரு மைல். அதுவரை சிரமமில்லை. மடுல்சீமை பஸ்ஸுக்குத்தான் ஒன்றரை மணி நேரம் நின்றேன். இறங்கிய பிறகு தேயிலைக்கு நடுவே இரண்டு மைல் நடை. (செருப்பை நம்ப வேண்டாம், வழுக்கும்.) தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை அடைந்தபோது பகல் ஒரு மணி.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சலில் போன மகள் செல்விக்குப் பக்கத்தில் அத்தானைப் புதைக்க வேண்டும். பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. ஆனால் செல்வியின் இடம் அவளுக்குத்தான் சரியாகத் தெரியும். அவளே முன்னால் நடந்தாள், யாரும் தடுக்கவில்லை.

அவள் காட்டிய இடத்தில் ஒருவன் அலவாங்கை, அதாவது கடப்பாரையை, ஓங்கினான். குழி வெட்ட வந்தவர்களில் மூத்தவரான மருதை அவன் கையைப் பிடித்தார்.

"பொறு, பொறு. போன வருசம் ஃபாக்டரியிலருந்து டிஸ்பென்சரிக்கு இந்தப் பக்கமாத்தானே கரண்டுக் கம்பி பொதைச்சாங்க? கீழ்ப் பிரிவுல ஒருத்தன் தெரியாம அலவாங்க எறக்கி, நின்ன எடத்துலயே கருகிப் போனான்."

ஃபாக்டரிக்கு ஆள் போயிற்று. எலக்ட்ரிக் வேலை பார்த்த பியசேன பாஸ் வந்தார். கம்பி மண்ணுக்குள் இறங்கும் கம்பத்திலிருந்து, அது வெளியே வரும் டிஸ்பென்சரிச் சுவர் வரை கயிறு பிடிக்கச் சொன்னார். அக்கா காட்டிய இடம் கயிற்றுக்கு ஆறடி தள்ளியே இருந்தது.

"அப்ப வெட்டலாமா?" என்று கேட்டேன்.

"பொதைக்கும்போது நான் இங்க இல்ல. நேராத்தான் போகுதுன்னு சொல்ல ஏலாது" என்றார். திரும்பிப் போய் அந்த லைனின் பியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். "இது எங்கிட்ட இருக்கிற வரைக்கும் யாரும் கரண்ட் போட ஏலாது."

மழை இருட்டிக்கொண்டு வந்தது. லயத்தில் பிரேதம் காத்திருந்தது. "அதான் கரண்டு இல்லையே, வெட்டுங்க" என்று யாரோ முனகினார்கள்.

"கம்பிய வெட்டிப்புட்டா ராத்திரிக்கு லைட்டு இருக்காது. டிஸ்பென்சரியில புள்ளத்தாச்சி படுத்திருக்கா" என்றார் மருதை.

அலவாங்கு ஓரமாகப் போனது. மம்பட்டியால் மண்ணை மேலாகச் சுரண்டிச் சுரண்டி, கயிற்றுக்குக் குறுக்காக வாய்க்கால்போல ஒரு சின்னக் கான் வெட்டினார்கள். முழங்கால் ஆழத்தில் செங்கல் வரிசை தட்டுப்பட்டது. கம்பிக்கு மேலே காவலாக வைத்த கல். ஒரு பெரும்பாறையைச் சுற்றி வளைந்து, செல்வியின் இடத்தை ஒட்டியே கம்பி போயிருந்தது. செல்விக்கு மறுபக்கம் வேறொருவரின் குழி.

மருதை அக்காவின் முன்னால் குந்தினார். "பக்கத்துல முடியாது தங்கச்சி."

அவள் செல்வியின் கால்மாட்டுக்குப் போய் நின்றாள்.  

"கால்மாட்டுல வெட்டுங்கண்ணே. புள்ள எந்திரிச்சா மொதல்ல அப்பனத்தான் பாக்கணும்."

அங்கேயும் கையால் சுரண்டிப் பார்த்த பிறகே ஆழமாக வெட்டினார்கள். மழைக்கு முன் அடக்கம் முடிந்தது. செங்கல்லை இருந்தபடியே மூடிய பிறகுதான் பியசேன பாஸ் பியூஸ் போடப் போனார்.

போகிறவர்கள் காலையிலேயே பசறையைத் தாண்டிவிடுங்கள். பிற்பகலில் மழையும் மூடுபனியும் வரும். அந்தப் பக்கம் காணி வாங்கி, கிணறோ குழியோ தோண்டுகிறவர்கள் முதலில் தோட்டத்து ஆபீஸில் கேளுங்கள். கம்பியோ தண்ணீர்க் குழாயோ இறங்கும் இடத்தையும் ஏறும் இடத்தையும் பாருங்கள். நடுவே நேராகத்தான் போகும் என்று மட்டும் நம்பாதீர்கள். கரண்டை நிறுத்தி, கையால் சுரண்டிப் பாருங்கள்.

எங்களுக்கு ஒரு பிற்பகல் போனது. அக்கா கேட்ட இடமும் கிடைக்கவில்லை. ஆனால் அன்று குழி வெட்டப் போனவர்கள் எல்லோரும் தங்கள் காலாலேயே லயத்துக்குத் திரும்பினார்கள்.