ரொட்டி தின்ற ஷூ

அந்தத் தேக்குப் பெட்டியை முதலில் பார்த்தபோது உள்ளே மருந்து இருக்கும் என்றுதான் நினைத்தேன். மலையேறப் போகிற அதிகாரி காய்ச்சலுக்குக் கொயினா எடுத்து வருவது அந்தக் காலத்து வழக்கம். எங்கள் அதிகாரி பூட்டைத் திறந்து, பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல எனக்குக் காட்டினார். முரட்டு பிரஷ் ஒன்று, பூ மாதிரியான பிரஷ் இரண்டு, கறுப்பிலும் பழுப்பிலும் பாலிஷ் டப்பாக்கள், ஒரு புட்டி வினிகர் காடி, மடித்து வைத்த வெள்ளைத் துணிகள். அத்தனையும் அவருடைய கால்களுக்காக. கொயினா ஒரு மாத்திரைகூட இல்லை. அவருக்கு முகாம் குமாஸ்தாவாக நான் புறப்பட்ட முதல் பயணம் அது. முள்ளுக்குறிச்சியில் மூட்டைகளை இறக்கி, கொல்லிமலைப் பாதையில் கால் வைக்கும் முன்பே அவரைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷமாகியும் அதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரன் ஆட்சி, ஆனால் இவர் வெள்ளைக்காரர் அல்ல, நம்மவர். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகம். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இவரிடம் ஆள் கால் பங்குகூடத் தேறாது, மிச்சமெல்லாம் ஷூதான். மலைக்கென்று இரண்டு ஜோடி கொண்டுவந்திருந்தார். ஒன்று கணுக்கால் மூடும் பழுப்புத் தோல் பூட்ஸ். இன்னொன்று ஸ்வேடு. தோலின் உட்புறத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கன்றுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று ஆக்கியிருந்தார்கள். அதற்குப் பாலிஷ் ஆகாது, தண்ணீர் ஆகாது, வெயில் ஆகாது. சேறு பட்டால் காயும்வரை காத்திருந்து, பூ பிரஷால் ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். கறை இருந்தால் காடியில் நனைத்த துணியால் ஒற்ற வேண்டும். கடைசியாக, இரண்டு நாள் பழைய ரொட்டியின் உட்பகுதியால் மெல்லத் தேய்க்க வேண்டும், அழுக்கை ரொட்டி எடுத்துக்கொள்ளும். இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்த பக்தியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

அதற்காகச் சேலத்திலிருந்து நான்கு ரொட்டிகள் வாங்கி வந்திருந்தோம். எங்கள் பக்கத்தில் அப்போது ரொட்டி என்றால் காய்ச்சல்காரர்கள் தின்கிற பண்டம். சுமை தூக்கி வந்த மலைக்காரர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சாமி, ஆருக்குங்க மேலுக்கு முடியல?" என்று கவலையோடு கேட்டார். "ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க. இது அவரு செருப்புக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அதிகாரி டோலியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே முன்னால் போனார். நான்கு பேர் வெறுங்காலால் கல்லையும் முள்ளையும் மிதித்து ஏற, பூட்ஸ் போட்ட கால்கள் இரண்டும் காற்றில் தொங்கிக்கொண்டு வந்தன.

நாங்கள் போன காரியம் சின்னதல்ல. மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் புதிதாகக் காட்டு எல்லைக்கல் நட இருந்தார்கள். பழைய சர்வே படத்தில் ஊருக்கு மேற்புறம் முழுவதும் வெறும் புதர்க்காடு என்று போட்டிருந்தது. ஊர்க்காரர்களோ, அது தலைமுறைகளாகச் சாமையும் கேழ்வரகும் விளைகிற நிலம், கல் அடுக்கிக் கட்டிய வரப்புகள் இருக்கின்றன, மிளகு ஏறிய பலா மரங்கள் இருக்கின்றன, ஒரு தடவை கண்ணால் பாருங்கள் என்று மனுமேல் மனு போட்டிருந்தார்கள். பார்த்து எழுதத்தான் இவரை அனுப்பினார்கள். அவர் பார்த்தால் நிலம் பிழைக்கும், பார்க்காவிட்டால் படம் சொன்னதுதான் சட்டம், நிலம் சர்க்கார் காடாகிவிடும்.

ஏறிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஓடையைத் தாண்டும்போது டோலி சாய்ந்து பூட்ஸ் இரண்டும் முழுகின. நெருப்பில் காட்டினால் தோல் வெடிக்கும், உள்ளே தாள் திணித்து நிழலில் வைக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் சரி. தாளுக்கு எங்கே போவது என்று நான் விழிக்க, கோப்புக் கட்டைக் காட்டி, "அந்தப் பழைய பெட்டிஷன்ஸ் இருக்கே, அதைச் சுருட்டி வை" என்றார். சுருட்டி வைத்தேன். ஊர்க்காரர்களின் கைநாட்டுகள் பூட்ஸுக்குள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கிடந்தன.

நாங்கள் தங்கிய முகாம் வீட்டில் இரண்டாம் நாளும் பூட்ஸ் காயவில்லை. மறுநாள் காலை நிலத்தைப் பார்க்கப் போக வேண்டும், ஸ்வேடு ஷூவைத் தயார் செய் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலமே போர்வைக்குள் புகுந்துகொண்டார். எடுத்துப் பார்த்தால் மலை ஈரத்தில் அதன்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. ரொட்டியை எடுத்தேன். அதில் பச்சையாகவே பூத்திருந்தது. நான் அடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைத் தோல் காய்ந்து விறைத்தால் என் அப்பா விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவுவார், பூசணமும் போகும், தோலும் இளகும். தோல் தோல்தானே என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்! கூட வந்த சமையற்காரரிடம் எண்ணெய் வாங்கி, கமலைக்குத் தடவுகிற மாதிரியே தாராளமாகத் தடவினேன். விடிந்தபோது கன்றுக்குட்டியின் காது போய், மழையில் நனைந்த எலி இரண்டு கிடந்தன.

"என்னய்யா இது? வண்டிச் சக்கரமா, மை போடறதுக்கு? ஸ்வேடுய்யா!" என்று அவர் போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வெளியே ஊர்க்கவுண்டர், அதாவது அந்த ஊரின் தலைவர், பத்துப் பன்னிரண்டு பேரோடு அவரை அழைத்துப்போக வந்திருந்தார். அதிகாரி அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன் முகத்துக்குப் போடுகிற பவுடரை ஷூவின்மேல் கொட்டினார். தட்டினார். மறுபடி கொட்டினார். அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொண்டுவரச் சொன்னார். என்னைக் காடியால் ஒற்றச் சொன்னார். வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

கடைசியில் ஊர்க்கவுண்டர் படியோரம் வந்து கைகூப்பினார். "சாமி, செருப்புக்காவ மனசு நோவாதீங்க. எங்க ஊர்ல கோயில் கல்லு தாண்டுனா ஆருமே செருப்புப் போடக்கூடாதுங்க. எப்படியும் அங்க கழட்டித்தான் வெக்கோணும். கல்லு வரைக்கும் டோலியில வாங்க. அதுக்கு மேல பாதை பூரா முள்ளுச் செதுக்கி வெச்சிருக்கறோமுங்க."

ஒரு நிமிஷம் அதிகாரி என்னைப் பார்த்தார். வெறுங்காலோடு இவர்கள் பின்னால் நான் நடப்பதா என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. அந்த மலையிலேயே மிருதுவான பாதம் அவருடையதாகத்தான் இருக்கும், மிருதுவான முதுகெலும்பும்தான். "பனி இறங்கப்போறது. ஒண்ணும் தெரியாது. எழுதிக்கோய்யா" என்று உள்ளே போனார். மேற்புறம் நேரில் பார்வையிடப்பட்டது, படத்தில் உள்ளபடி புதர்க்காடு என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வெளியே பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவரைக் கேவலமாக நினைப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது. பேனாவைக் கீழே வைத்திருந்தால் என் வேலை போயிருக்கும், அதற்குப் பயந்துதான் எழுதினேன் என்று ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம்.

இப்போது மலைக்கு பஸ் போகிறது. பேரப்பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், நான் ஏறுவதில்லை. ஊர்க்கவுண்டரை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை முள்ளுக்குறிச்சிச் சந்தையில் பார்த்தேன். எல்லைக்கல் நட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் தன் மிளகை விற்க ஆள் வைத்துக் கொண்டுவந்த மனிதர், யாருடைய மூட்டையையோ கூலிக்குச் சுமந்து வந்திருந்தார். ஒளிந்துகொள்ளலாமா என்று நான் யோசிப்பதற்குள் பார்த்துவிட்டார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து, நலம் விசாரித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"கண்ணு, அன்னைக்கு அத்தன பாடு பட்டீங்களே," என்றார், உண்மையான அக்கறையோடு. "அந்தச் செருப்பு தேறுச்சுங்களா?"

தேறிவிட்டது என்றேன். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தூக்கிவிட என்னை ஒரு கை பிடிக்கச் சொன்னார்.