கலியபெருமாளுக்காக நாங்கள் வாங்கிய கையெழுத்துகள்

முதலில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். ஜட்ஜ் கலியபெருமாள் தம்மை ஹைகோர்ட்டு நீதிபதியாக்கும்படி என்னிடம் சொல்லி மகஜர் எழுதி வாங்கினார் என்றும், அவர் என் கணவரிடம் ஜூனியராக இருந்தவர் என்பதால் நான் மறுக்க முடியாமல் எழுதிக் கொடுத்தேன் என்றும் அரியலூரில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. அவர் கேட்கவில்லை. மறுக்க முடியாத நிலையில் என்னை நிறுத்த இந்த ஊரில் யாராலும் ஆகாது. அந்த மகஜரை நானே நினைத்து, நானே எழுதி, நானே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். பழி என்று ஒன்று இருந்தால் அது சேர வேண்டியது என்னிடம். இருக்கிறதா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அவர் இறந்த செய்தி போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தேன். என் கணவரிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்த நடேசன் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். அவன் அப்படி நிற்பவன் அல்ல.

"வக்கீலம்மா, ஜட்ஜய்யா போயிட்டாங்க. கீழப்பழுவூர்லேருந்து இப்பத்தான் ஆள் வந்துச்சு. காலைல பல் வெளக்கிட்டு உக்காந்தவங்க எந்திரிக்கலையாம்."

நான் மெஷினை நிறுத்தவில்லை. மிச்சக் கொட்டையையும் அரைத்து முடித்தேன். எதற்காக என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தப் பொடியில் யாருக்கும் காப்பி போடவும் இல்லை.

இந்த நினைவு மலரைப் படிப்பவர்களில் அவரை அறியாத இளைய வக்கீல்களுக்காகச் சில வார்த்தைகள். கலியபெருமாள் கீழப்பழுவூரில் கடலையும் சோளமும் போட்ட குடும்பத்துப் பிள்ளை. அரியலூர் முனிசீப் கோர்ட்டில் என் கணவரிடம் தொழில் பழகினார். பிறகு நீதித்துறை உத்தியோகத்துக்குப் போய் வெளியூர்களில் முனிசீபாக, சப் ஜட்ஜாக இருந்து, கடைசியில் தெற்கே ஒரு ஜில்லாவுக்கு ஜட்ஜ் ஆனார். திருச்சியில் கன்னியாஸ்திரீகளிடம் நான் கற்ற ஆங்கிலத்தின்மேல் அவருக்கு அளவுக்கு மீறிய மரியாதை. தம் தீர்ப்புகளின் நகலை எனக்கு அனுப்பி, பிழை இருந்தால் சிவப்புப் பென்சிலால் குறித்துத் தரச் சொல்வார். கோர்ட்டில் வாசித்து முடித்த தீர்ப்பை மட்டுமே அனுப்புவார். வாசிக்காத தீர்ப்பின் ஒரு வரியைக்கூட எனக்குக் காட்டியதில்லை.

ஒரு முறை வரப்புத் தகராறு ஒன்றில் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். அதில் ஆறு பக்கம் தோற்றவனின் வாதத்துக்கே போயிருந்தது. லீவில் வந்தபோது கேட்டேன். "தோற்கப்போகிறவனுக்கு இவ்வளவு எதற்கு, தம்பி? காகிதம் தண்டம்."

"ஜெயிச்சவன் கடைசி வரியக் கேட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவான்மா. தோத்தவன்தான் வக்கீல உக்கார வச்சு முழுசும் படிக்கச் சொல்லிக் கேப்பான். தீர்ப்பு எழுதறது அவனுக்குத்தான்" என்றார்.

யுத்தம் முடிந்த சமயம். என் கணவரின் வருஷ நினைவுப் பூசைக்கு அவர் வந்திருந்தார். ஹைகோர்ட்டில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று இங்கே பேச்சு இருந்தது. நேராகக் கேட்டேன்.

"அந்த இடம் உமக்கு வருமா?"

சிரித்தார். "அந்தக் கட்டடத்துக்கு நாலு வாசல் இருக்குன்னு வச்சுக்குங்கம்மா. சீமைல படிச்ச பாரிஸ்டருக்கு ஒண்ணு. ஐ.சி.எஸ். காரங்களுக்கு ஒண்ணு. ஹைகோர்ட்டுல பத்து வருஷம் வாதாடின வக்கீலுங்களுக்கு ஒண்ணு. எங்கள மாதிரி கீழ் கோர்ட்டுலேருந்து ஏறி வர்றவங்களுக்கு ஒண்ணு. எங்க வாசல்ல குனிஞ்சுதான் போவணும்."

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஒருவர் தனியாக உட்கார்ந்து சில வழக்குகளைக் கேட்பார், பெரியவற்றை இருவர் பெஞ்சு கேட்கும், இரண்டு பெஞ்சுகள் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லியிருந்தால் மூவரோ அதற்கு மேலோ உட்கார்வார்கள், யார் எங்கே உட்கார வேண்டும் என்று சீப் ஜஸ்டிஸ் வகுப்பார் என்றார். ஒற்றை நீதிபதி சொன்னதன்மேல் சில சமயம் அதே கோர்ட்டின் இருவரிடம் அப்பீல் போகலாம் என்றார்.

"ஒரே கோர்ட்டு தன்னையே தப்பு என்று சொல்லுமா?"

"சொல்லும்மா. அதனாலதான் அது பெரிய கோர்ட்டு."

"சீப் ஜஸ்டிஸ் சொன்னால் மற்றவர்கள் கேட்டாக வேண்டுமா?"

"எங்க உக்காரணும்னு சொன்னா கேக்கணும். தீர்ப்பு இப்பிடித்தான்னு சொன்னா கேக்கணும்னு இல்ல. பெஞ்சுல அவருக்கும் ஒரு ஓட்டுதான்."

கன்னிமடத்தில் மதர் சொன்னால் மறுவார்த்தை கிடையாது. ஆகவே எனக்கு இது பிடிபடவில்லை. அந்த இடத்துக்கு ஆளை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். சீப் ஜஸ்டிஸின் அபிப்பிராயம் மேலே போகும், கவர்னர் பார்ப்பார், டெல்லி பார்க்கும், முடிவில் சீமை ராஜாவின் பேரில் நியமனம் வரும் என்றார்.

"நீர் மனுப் போட்டாயிற்றா?"

"மனுவே கெடையாதும்மா. அதுக்கு யாரும் கேக்கக்கூடாது. கூப்பிட்டாப் போவணும்."

அவர் சொன்னதை நான் சரியாகவே கேட்டேன். "யாரும்" என்றால் அந்த இடத்தை விரும்புகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கேட்கக்கூடாது என்றால் அவருக்காக நாம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு நல்ல பங்குச் சாமியாரை வேறு ஊருக்கு மாற்றியபோது, எங்கள் பிஷப்பான ஆயருக்குக் கையெழுத்திட்டு மகஜர் அனுப்பி அவரை மூன்று வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆயர் கோபிக்கவில்லை. ஜனங்கள் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு எழுதினார். சீப் ஜஸ்டிஸும் அப்படியே நினைப்பார் என்று நம்பினேன்.

மகஜருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. முதலில் வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்குவார்கள். வாசகத்தைப் பிறகு எழுதி முன்னால் தைப்பார்கள். வாசகம் முன்னாலேயே இருந்தால் ஒவ்வொருவனும் ஒரு சொல்லை மாற்றச் சொல்வான், வேலை நடக்காது. நடேசன் தாள்களை எடுத்துக்கொண்டு சந்தைக்கும், கடலை மண்டிக்கும், கோர்ட்டு வாசலுக்கும் போனான். கோர்ட்டு வாசலில் நானும் ஒற்றைமாட்டு வண்டிக்குள் இருந்தேன்.

"எதுக்குய்யா கையெழுத்து? சீமெண்ணெய் கார்டுக்கா?" என்றார் ஒரு பெரியவர்.

"நம்ம கலியபெருமாள் ஜட்ஜய்யாவ ஹைகோர்ட்டுக்கு எடுக்கச் சொல்லி."

"அடப்பாவி, அவரு வக்கீலா இருக்கயில எனக்கு எதிர்த்தரப்பால்ல நின்னாரு! என் கெணறு போனதே அவராலதான்."

"அப்ப போடமாட்டியா?"

"யாரு போடமாட்டேன்னா? குடு இப்பிடி. மெட்ராசுக்குப் போயிட்டாருன்னா இந்தப் பக்கம் திரும்பி வரமாட்டாருல்ல?"

வண்டிக்குள் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவருக்குப் பின்னால் நின்றவர் கேட்டார். "பேருக்குப் பக்கத்துல கேஸ் நம்பர் போடலாமாய்யா? ஹைகோர்ட்டுல என் அப்பீலு ஒண்ணு கெடக்கு."

"போடு போடு. ஆளு நெசம்னு தெரியும்ல" என்றான் நடேசன்.

அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். வழக்கு இல்லாதவர்கள் பட்டா எண்ணைப் போட்டார்கள். எந்தக் கோர்ட்டுக்கு நீதிபதி வேண்டும் என்று கேட்கிறோமோ, அந்தக் கோர்ட்டிலேயே நிலுவையில் இருக்கும் வழக்குகளின் எண்கள், அந்த வழக்காளிகளின் கையெழுத்தோடு. தாள்கள் என் கைக்கு வந்தபோது நான் அவற்றைப் பார்த்தேன். வரிசையாக, ஒழுங்காக இருக்கின்றன என்றுதான் நினைத்தேன். நான் பாடம் நடத்திய பள்ளியில் ஒரு மாணவியின் நோட்டில் நான் எந்தப் பிழையையும் விட்டதில்லை.

யாருக்கு அனுப்புவது என்பதில் நடேசனுக்கு ஒரு யோசனை இருந்தது. "ராஜா பேர்லதான் நேமகம்னா ராஜாவுக்கே எழுதிடலாமேம்மா."

"ராஜாவுக்குக் கலியபெருமாள் யார் என்று எப்படித் தெரியும்?"

"சீப் ஜஸ்டிஸுக்கு மட்டும் தெரியுமா?"

சீப் ஜஸ்டிஸுக்கே எழுதினேன், ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். கலியபெருமாளின் கைசுத்தத்தை எழுதினேன். எந்த வழக்காளியிடமும் எந்தச் சேவகனிடமும் கோபத்தில் குரல் உயர்த்தியதில்லை என்று எழுதினேன். நானே தைத்து, அரக்கு வைத்து, தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். அவருக்குத் தெரியக்கூடாது என்று நடேசனிடம் சத்தியம் வாங்கினேன். நகல் வைத்துக்கொள்ளவில்லை.

பதில் வரவில்லை. இடம் வேறொருவருக்குப் போனது. மறு வருஷம் கலியபெருமாளுக்கு ஐம்பத்தைந்து ஆனது, ஓய்வு பெற்றுக் கீழப்பழுவூருக்கு வந்துவிட்டார். அவருக்கு அதில் வருத்தமா என்று எனக்குத் தெரியாது. வயலுக்குக் குடை பிடித்துக்கொண்டு போவார் என்று கேள்வி. மாதம் ஒரு முறை பஸ்ஸில் அரியலூர் வந்தால் என் வீட்டில் காப்பி சாப்பிடாமல் போனதில்லை.

அப்படி வந்த ஒரு நாள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "கோபத்துல கொரலே ஒசத்துனது இல்லைன்னு எழுதிட்டீங்களேம்மா. ஒரு தடவை கோர்ட்டுச் சேவகன், அந்த டவாலிய நல்லா அதட்டியிருக்கேன். அவன் பாவம், மூணு நாள் என் முகத்தையே பாக்கல."

"எனக்குத் தெரிந்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன்" என்றேன்.

"எழுதியிருப்பீங்க. உங்களத் தெரியாதா?" என்று சிரித்தார். இன்னொரு டம்ளர் காப்பி கேட்டார். நடேசன் சத்தியத்தை மீறி உளறிவிட்டான் என்று நினைத்தேன். அவர் சிரித்ததால் அவனைக் கண்டிக்காமல் விட்டேன்.

துக்க வீட்டில் பெண்கள் உள்ளே இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் சென்னையிலிருந்து வந்த மூன்று வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது.

"இவர் பேர் மேலே போறதா இருந்துது சார். ஊர்லேருந்து ஏதோ மகஜர் வந்து எல்லாம் கெட்டுப்போச்சு. ஆள் வச்சு ஆதரவு திரட்டறார்னு ஆயிடுச்சு."

"அதெல்லாம் கட்டுக்கதை. அந்த முறை வக்கீல்கள்லேருந்துதான் எடுக்கறதுன்னு முன்னாடியே தீர்மானம்."

"பேரே போகலை சார். ஜில்லா ஜட்ஜ்ல இவருக்கு மேலேயே ரெண்டு பேர் இருந்தாங்களே."

பிறகு மோர் வந்தது, பேச்சு ரயில் நேரத்துக்குப் போய்விட்டது. மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. பெயரே போகவில்லை என்றால் என் மகஜரால் எதுவும் கெட்டிருக்காது. இடம் வக்கீல்களுக்கு என்று முன்பே முடிவானதென்றாலும் அப்படியே. முதலாமவர் சொன்னது உண்மை என்றால், பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சிபாரிசு கேட்காத மனிதர் கேட்டதாக நான் அத்தாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது நடேசனைக் கேட்டேன். "மகஜரைப் பற்றி ஜட்ஜிடம் நீதானே சொன்னாய்?"

"மாதா சத்தியமா இல்லம்மா."

"உன் சாமி பேரில் சொல். மாதா என் சாமி."

"மாரியம்மா மேல ஆணையா இல்ல. சொன்னாலும் நான் என்னத்தச் சொல்லுவேன்? நீங்க இங்கிலீசுல என்ன எழுதுனீங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நடுச்சாலையில் நின்றுவிட்டேன். அவன் சொல்வது சரி. கையெழுத்துப் போட்டவர்கள் வெற்றுத் தாளில் போட்டார்கள். அந்த வாசகத்தை அரியலூரில் என்னைத் தவிர யாரும் படித்ததில்லை. குரல் உயர்த்தியதில்லை என்ற வரி கலியபெருமாளுக்குத் தெரிய ஒரே ஒரு வழிதான் இருந்தது. சென்னையில் யாரோ அந்தத் தாள்களை அவர் முன்னால் வைத்திருக்கிறார்கள். வழக்கு எண்களையும் அவர் பார்த்திருப்பார். என் கையெழுத்து அவருக்கு இருபது வருஷப் பழக்கம்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கம் கேட்டார்களா? அவர் என்ன பதில் எழுதினார்? என் பெயரைச் சொன்னாரா? அல்லது யாரோ சிநேகிதர் வேடிக்கையாகக் காட்டிவிட்டுக் கிழித்துப் போட்டாரா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்று என் எதிரே உட்கார்ந்து டவாலி கதை சொல்லி, இன்னொரு டம்ளர் காப்பி கேட்டாரா? அது மன்னிப்பா, அல்லது மன்னிக்க ஒன்றும் இல்லை என்பதா? கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்று தெரிந்தபோது அவரைச் சுமந்துகொண்டு போய்விட்டார்கள்.

இப்போது ராஜா இல்லை. டெல்லியில் புதிய சட்டம் எழுதுகிறார்கள். நீதிபதிகளை யார் யாரைக் கலந்து நியமிப்பது என்று அதில் இருக்கும் என்கிறார்கள். கேட்கக்கூடாது என்பதில் ஊராரும் அடங்குவார்களா என்பதையும் தெளிவாக எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இவை எல்லாவற்றிலும் என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. கையெழுத்து வாங்கக் கொடுத்ததில் பயன்படாமல் திரும்பிய ஒரு வெற்றுத் தாள். தீர்ப்பு தோற்றவனுக்காக எழுதப்படுவது என்ற அவர் வார்த்தை.

இந்த நினைவு மலரைப் படிக்கும் வக்கீல்களிலோ, அப்போது ஹைகோர்ட்டு அலுவலகத்தில் இருந்தவர்களிலோ, அந்த மகஜர் என்ன ஆயிற்று என்று அறிந்தவர் இருப்பார். நேரில் வந்து, "வயதான காலத்தில் அதை நினைக்காதீர்கள்" என்று யாரும் சொல்ல வேண்டாம். கலியபெருமாளை நான் கெடுத்தேன் என்றால் கெடுத்தேன் என்றும், இல்லை என்றால் இல்லை என்றும், காரணத்தோடு எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கமானாலும் முழுவதும் படிப்பேன்.