சிதம்பரத்தில் திறக்க மறுத்த சாளரம்

எழுதியவர் கணினியில் மட்டும் ஒழுங்காக ஓடுவதே நிரலின் பிறவிக்குணம் என்பதை, இத்தொழிலில் அடிபட்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியனான நான், பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்காக, படம் பார்த்துப் பாகம் குறிக்கும் பயிற்சி நிரல் ஒன்றைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதினேன். சிதம்பரத்துப் பள்ளியொன்றில் பணியாற்றும் ஸ்டெல்லா டீச்சர் அதைக் கேட்டார். பள்ளிக் கணினிகளில் பைத்தான் இல்லை. ஆகவே, தானே இயங்கும் எக்ஸி கோப்பாக அதை மாற்ற வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் பார்வையிடும்போது அது ஓடாவிட்டால், துணைத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் கணினி நேரம் பறிபோய்விடும்.

காரணம் கூறாத பிழை

திருப்பாதிரிப்புலியூரில், என் வீட்டில், அது குறையின்றி ஓடியது. சிதம்பரத்திலோ, இயக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே வரியைக் காட்டிவிட்டு மறைந்தது. காரணம் கூறாத இத்தகைய விடையை என் மாணவன் எழுதியிருந்தால் சுழியம் இட்டிருப்பேன். நானே தோண்டித் துருவிக் கண்டேன்: படங்களை அது என் கணினியின் டி டிரைவிலேயே தேடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா போனில் சிரித்தார்: "சார், உங்க புரோகிராமுக்கு ஊர விட்டு வர மனசில்ல போல!"

விசாரணையற்ற தண்டனை

படங்களையும் உள்ளே வைத்துக் கட்டி, ஒரே கோப்பாக அனுப்பினேன். பள்ளியின் ஆன்டிவைரஸ் கண்ட மாத்திரத்தில் அதை அழித்தது. அதில் தீங்கான வரி ஒன்றும் இல்லை; எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டியதே ஐயத்துக்குக் காரணமாம்! ஆய்வகப் பொறுப்பாளர் குமரவேல் எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்: "விடுங்க சார், நீங்க நல்லவருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

துப்புரவுப் பணி

ஒரே கோப்பு ஆகாதெனின், கோப்புறையாகவே இருக்கட்டும் என்று எக்ஸியையும் அதன் துணைக்கோப்புகளையும் சேர்த்து அனுப்பினேன். ஒன்றையும் பிரிக்கலாகாது என்று எழுதியும் இருந்தேன். வியாழனன்று மீண்டும் பிழை. குமரவேல் எக்ஸியை மட்டும் கணினிகளின் முகப்பில் வைத்துவிட்டு, எஞ்சியவற்றை நீக்கியிருந்தார். "அது ஒண்ணு மேலதான் சார் சின்னதா ஐகான் படம் இருந்துச்சு. மத்ததெல்லாம் பேரே புரியல, குப்பைன்னு அழிச்சுட்டேன். உங்களுக்கு எல்லாம் சுத்தமா இருந்தாத்தானே புடிக்கும்?"

வெள்ளிக்கிழமை

இனி எவரையும் நம்புவதற்கில்லை என்று, பென்டிரைவும் கையுமாக நானே பேருந்தேறினேன். குமரவேலைக் கைகட்டி நிற்கச் சொல்லிவிட்டுக் கோப்புறையை முழுமையாகப் படியெடுத்தேன். நிரலின் சாளரம் திரையில் திறந்தது. இதயத்தின் படம் தோன்றியது. மாணவி ஒருத்தி அதன் அறைகளைப் பிழையின்றிக் குறித்தாள். ஸ்டெல்லா அப்போதுதான் மூச்சுவிட்டார். தலைமையாசிரியர் தலையசைத்தார்: "அந்தக் கம்ப்யூட்டர் நேரத்த நீங்களே வெச்சுக்குங்க டீச்சர். ஆனா இத யாரும் மூடிடாதீங்க, மறுபடி தொறக்குமோ என்னமோ!"

ஆக, நம் தொழிலில் வெற்றி என்பது, மூடுவதற்கு எவரும் துணியாத ஒரு சாளரமே.