தேன்தின்னியின் பெயர்

ஓட்டிலியா பக்கத்துவீட்டுக்காரியின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ஓட்டிலியாவின் தேனீ வளர்க்கும் கணவன் மாத்தூஷ் அந்தப் பெண்ணுக்கு மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தேன் ஊற்றுவான்.

"பேரச் சொன்னா வந்து நிப்பா, தேன்தின்னி!" என்று பொருமுவாள் ஓட்டிலியா.

அந்த ஸ்லோவாக்கிய மலையூரில் கரடிக்கும் அதே பெயர்தான். சொன்னால் வந்துவிடுமோ என்று முன்னோர்கள் பயந்ததில் கரடியின் பழைய பெயர் தொலைந்தே போனது. அது என்னவென்று அறிஞர்கள் இன்று ஊகித்துத்தான் சொல்கிறார்கள். பக்கத்துவீட்டுக்காரியின் பெயரும் அப்படித்தான் போனது. ஊரே அவளைத் தேன்தின்னி என்றது.

அவள் கிழவியாகிச் செத்தபோது, சிலுவையில் எழுதப் பெயர் கேட்டான் தச்சன். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். ஓட்டிலியாவுக்கு வயிறு குளிர்ந்தது.

"தேன்தின்னின்னே எழுதுப்பா," என்றாள்.

"ரதோஸ்லாவா," என்றான் மாத்தூஷ், யோசிக்காமலே.