சித்தியின் கம்ப்யூட்டரில் நான் எடுத்த டிக்

ஒரு கம்ப்யூட்டர் மெதுவாகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. சிதம்பரம் கீழ வீதியில் ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில் இந்த அவசரப் புத்தி தொழிலுக்கு உதவியது. சொந்தக்காரர் வீடுகளில் மூக்கை நுழைக்கவும் வைத்தது.

2009 இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் செம்மண்டலத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா உயிரோடு இல்லை, ஒரே மகன் துபாயில். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. பகல் பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் கூப்பிடுவான், முகம் பார்த்துப் பேசுவார்கள். சித்திக்குத் தெரிந்தது இரண்டே வேலை: பொத்தானை அமுக்குவது, மணி அடித்தால் பச்சைப் பொத்தானைத் தட்டுவது. மற்றதெல்லாம் தானாக வரும்படி அவன் வைத்துவிட்டுப் போயிருந்தான். எல்லாம் வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும். சித்தி பொத்தானை அமுக்கிவிட்டு உலை வைக்கப் போவார். அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் கூடவே கிளம்பும் புரோகிராம்கள் இருபதுக்கு மேல். வீட்டில் இல்லாத பிரிண்டருக்கே இரண்டு. ஆன்டிவைரஸை மட்டும் விட்டுவிட்டு, மற்றவை தானாகக் கிளம்பாதபடி எல்லா டிக்கையும் எடுத்தேன். மறுபடி போட்டபோது ஒரே நிமிஷத்தில் திரை வந்தது. சித்தி கொடுத்த காபியைப் பெரிய சாதனை செய்தவன்போலக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை சித்தி போன் செய்தார். மகன் பேசுவதே இல்லையாம். நான் போவதற்கு இரண்டு நாள் முன்புதான் சண்டை நடந்திருக்கிறது. கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் சொல்ல, முடியவே முடியாது என்று இவர் கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் பதினோரு மணிக்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். மணி அடிப்பதில்லை. செல்லில் கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். பெற்றவள் எதற்கு முதலில் இறங்கி வர வேண்டும் என்று ஆரம்பித்தவர் பாதியில் கெஞ்சத் தொடங்கிவிட்டார்.

"எங்கிட்ட பேசலன்னாலும் உங்கிட்ட பேசுவான். என்னா கோவம்னு கேளுப்பா."

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கீழே ஓரத்தில் பச்சையாக ஒன்று வருமே, வருகிறதா என்று கேட்டேன். நான் வந்துபோனதிலிருந்து அது வரவில்லை என்றார். வேகமாக ஓடுவதற்காக நான் எடுத்துவிட்டேன் என்று நினைத்தாராம். அவர்கள் பேசிக்கொள்ளும் புரோகிராமையும் சேர்த்துத்தான் நான் நிறுத்தியிருக்கிறேன். அம்மா கம்ப்யூட்டரையே போடவில்லை என்றுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். அவனும் பதிலுக்கு வீம்பு பிடித்திருக்கிறான்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கடலூர் போனேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். தப்பு என்னுடையது, அவன் மேல் குற்றமில்லை என்று சித்தியிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

டிக்கைப் போட்டு மறுபடி கிளப்பினேன். பச்சை வந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்தது. அவனும் அங்கே முன்கூட்டியே வந்து உட்கார்ந்துதான் இருந்திருக்கிறான்.

முகம் தெரிந்தது. சித்திதான் முதலில் கேட்டார்.

"அந்தப் பொண்ணு எந்த ஊருப்பா?"