தனிக் கப்பில் வைத்த மாத்திரை

ஆண்கள் வார்டில் அந்த நர்ஸுக்கு ‘மூணுவாட்டி’ என்று பட்டப்பெயர். மருந்து பாட்டிலை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை லேபிளைப் படிப்பார். மாத்திரையைக் கப்பில் போடும்போது ஒரு தடவை. பாட்டிலைத் திரும்ப வைக்கும்போது இன்னொரு தடவை. படிக்கும்போது உதடு அசையும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இருபத்தாறு வருஷமாக அசைந்துகொண்டிருக்கிறது. வீட்டிலும் அந்தப் பழக்கம் விட்டபாடில்லை. சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்தால் மூடியைப் பார்ப்பார், உள்ளே பார்ப்பார், மூடிவிட்டு மறுபடி பார்ப்பார்.

“அது உப்பா மாறிடாது. நீ டீயைப் போடு, நான் காவலுக்கு நிக்கிறேன்” என்பார் கணவர்.

கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். எதையும் ஒரு தடவைக்கு மேல் பார்த்தது கிடையாது. அதனால் தெருவில் பாதிப் பேரோடு அவருக்குத் தகராறு.

வார்டில் மூணுவாட்டிக்கு இன்னும் இரண்டு வழக்கங்கள் உண்டு. நோயாளியின் பெயரை அவராகச் சொல்ல மாட்டார். நோயாளி வாயாலேயே சொல்ல வைத்து, சார்ட்டோடு ஒத்துப்பார்ப்பார். “நேத்தும் இதே பேருதானே சிஸ்டர்” என்று யாராவது அலுத்துக்கொண்டால், “இன்னிக்கும் அதேதானான்னு பாத்துக்கிறேன்” என்பார். மற்றது கையெழுத்து. மாத்திரை தொண்டையில் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சார்ட்டில் பேனா வைப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று நர்ஸுகளில் ஒருவர் விடுப்பு. படுக்கை முப்பத்தொன்றும் நிறைந்திருந்தன. காலை எட்டு மணி மருந்துச் சுற்று. எட்டேகாலுக்குத் தள்ளுவண்டி ஏழாம் படுக்கையருகே நின்றது. அந்தப் படுக்கையில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இதயம் பலவீனமானவர். துணைக்கு மனைவி கட்டிலோரம் இருந்தார். அவருக்குக் காலையில் மூன்று மாத்திரைகள். அவற்றில் ஒன்று மட்டும் தனிக் கப்பில் வரும். இதயத்துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை அது. கொடுக்கும் முன் ஒரு முழு நிமிஷம் நாடி எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்தி டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதைப் போட்டால் ஏற்கெனவே மெதுவாக ஓடும் இதயம் இன்னும் மெதுவாகும், நின்றுவிடக்கூட வழியுண்டு.

டிரைவர் பெயரைச் சொன்னார். முதல் இரண்டு மாத்திரைகளையும் தண்ணீரோடு விழுங்கினார். மூணுவாட்டி தனிக் கப்பைப் பக்கத்து அலமாரிமேல் வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். ஐம்பத்திரண்டு.

“என்ன சிஸ்டரம்மா, ஸ்பீடு போதாதா?”

“கம்மியா இருக்குண்ணே. இந்த மாத்திரை இப்ப வேணாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன்.”

சொல்லி வாய் மூடவில்லை. குளியலறையிலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். பதினோராம் படுக்கைக்காரர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்திருந்தார். மூணுவாட்டி ஓடினார். அவரைத் தூக்கி உட்கார வைத்து, நெற்றிக் காயத்தைத் துடைத்து, சக்கர நாற்காலியில் ஏற்றித் தையல் போட அனுப்பிவிட்டுத் திரும்பியபோது மணி எட்டு முப்பத்தொன்று.

அலமாரிமேல் கப் இருந்தது. மாத்திரை இல்லை.

குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். போர்வையை உதறினார். குப்பைக் கூடையைக் காகிதத்தில் கவிழ்த்துக் கிளறினார். பிறகு டிரைவரிடம் கேட்டார்.

“அண்ணே, இந்தக் கப்புல இருந்த மாத்திரை எங்க?”

“போட்டுட்டேனே.”

“எதை? இதையா, முன்னாடி குடுத்த ரெண்டையா?”

டிரைவர் யோசித்தார். “குடுத்தது எல்லாத்தையும் போட்டேன் சிஸ்டரம்மா. நான் எதையும் மிச்சம் வைக்கிறதில்லை.”

கூட இருந்த மனைவியையும் காணோம். சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருப்பதாக எட்டாம் படுக்கைக்காரர் சொன்னார். மனைவியின் போன் எண்ணை டிரைவரிடம் வாங்கி அழைத்தால், மணி டிரைவரின் தலையணைக்கடியிலிருந்து அடித்தது.

“இங்கதான் வச்சுட்டுப் போயிட்டாளா” என்றார் டிரைவர், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவர்போல.

மருந்தை நோயாளி பக்கத்தில் வைத்துவிட்டு நகரக் கூடாது என்பது பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது. புதிதாக வரும் நர்ஸுகளுக்கு மூணுவாட்டியே நூறு தடவை சொல்லியிருக்கிறார். டிரைவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் மாத்திரை இரத்தத்தில் கலந்து வேலையைக் காட்ட நேரம் பிடிக்கும். இப்போது நன்றாக இருப்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

எட்டு முப்பத்தெட்டுக்கு டாக்டர் அறையில் நின்றார். டாக்டருக்கு மூணுவாட்டியின் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும்.

“ஏழாம் பெட் டாக்டர். பல்ஸ் அம்பத்திரண்டு, முழு நிமிஷம் எண்ணினேன். மாத்திரையை நிறுத்தினேன். ஆனா கப்பை அங்கயே வச்சுட்டுப் போயிட்டேன். இப்ப மாத்திரையைக் காணோம். போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்களா சிஸ்டர்?”

“நான்தான்.”

“சரி, போட்டுட்டார்னே வச்சுக்குவோம். ஈசிஜி எடுங்க, ரத்தம் அனுப்புங்க. கால் மணிக்கு ஒரு தடவை பல்ஸ். வாந்தி, தலைசுத்தல், பார்வையில மஞ்சளா ஏதாவது தெரியுதான்னு கேட்டுக்கிட்டே இருங்க.”

எட்டே முக்காலுக்கு ஐம்பத்திரண்டு. ஒன்பதுக்கு ஐம்பத்தொன்று. ஒன்பதேகாலுக்கு மறுபடி ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதினார். நடுவே மற்ற படுக்கைகளின் மருந்தையும் முடித்தார். லேபிளை மூன்று தடவைக்குப் பதில் நான்கு தடவை படித்தார். பத்து மணிக்கு ஐம்பது. அந்த ஐம்பதை எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது.

“தலை சுத்துதாண்ணே?”

“நீங்க கால் மணிக்கு ஒருக்கா ஓடி வர்றதைப் பாத்தா எனக்குத்தான் சுத்துது. முப்பத்தி மூணு வருஷம் வண்டி ஓட்டினேன், ஒரு செக்கர்கூட இப்படி ஏறினதில்லை.”

பத்தரைக்கு ஐம்பத்தொன்று. பத்தே முக்காலுக்கும் அதுவே.

பதினொன்று ஐந்துக்கு டிரைவரின் மனைவி வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, மறு கையில் குடை. பஸ் கிடைக்காமல் நடந்தே வந்ததால் மூச்சிரைத்தது. கூடையைக் கீழே வைத்து அடுக்கைத் திறந்து, கணவரை நிமிர்த்தி உட்கார வைத்தார். அவர் இரண்டு வாய் சாப்பிட்டதும், இடுப்புப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார்.

மூணுவாட்டி பத்தாம் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே ஒரு காகித மடிப்பு. அந்த அம்மா அதைப் பிரித்தார்.

“அக்கா, கொஞ்சம் இருங்க.” மூணுவாட்டி நாலே எட்டில் வந்துவிட்டார். “அது என்ன?”

“மாத்திரைதான் சிஸ்டர். காலையில கப்புல வச்சுட்டுப் போனீங்களே.”

“நீங்க எடுத்து வச்சீங்களா?”

“ஆமா. இந்த மாத்திரை இப்ப வேணாம்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, வெறும் வயித்துல போடக் கூடாதுபோலன்னு நினைச்சேன். இவர்கிட்ட விட்டுட்டுப் போனா கையில கிடைச்சதை வாயில போட்டுக்குவார். அதான் கையோட எடுத்துட்டுப் போனேன், சாப்பிட்டதும் குடுக்கலாம்னு.” அந்த அம்மா நிறுத்தினார். “ஏன் சிஸ்டர், தப்பு பண்ணிட்டேனா?”

மூணுவாட்டி மாத்திரையை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். சின்னதாக, வெள்ளையாக, நடுவில் கோடு போட்டு, முழுசாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பிப் பார்த்தார். பிறகு நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்குப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து அந்த வார்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

“நீங்க ஒரு தப்பும் பண்ணலைக்கா. தப்பு என்னோடது. நீங்க இவர் உயிரைக் கண்ணாடிக் கூட்டுல வச்சுக் காப்பாத்தியிருக்கீங்க.”

“அப்ப இவ என்னைப் பத்திரமா வச்சிருக்காள்னு சொல்றீங்க. நான் நம்பலை” என்றார் டிரைவர்.

“நீங்க பேசாதீங்க. போட்டேன் போட்டேன்னு என்னை ரெண்டரை மணி நேரம் அலைய வச்சது நீங்கதான்.” மூணுவாட்டி சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கட்டியது, புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் சொன்னார். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். மாத்திரையை இரண்டு நாளைக்கு நிறுத்தச் சொல்லி எழுதினார். மூணுவாட்டி சார்ட்டில் காலை எட்டு மணிக் கட்டத்தில் ‘52, கொடுக்கவில்லை’ என்று எழுதி வட்டம் போட்டுக் கையெழுத்திட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு மணிக்கு, தவறுகளைப் பதியும் படிவத்தில் ஆறு வரி எழுதி மேட்ரன் மேஜையில் வைத்தார். மேட்ரன் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“மாத்திரைதான் உள்ளே போகலையே. எதுக்கு உன் பேரை நீயே கெடுத்துக்கிற?”

“போயிருந்தா எழுதித்தானே ஆகணும் மேடம்? போனாலும் போகாட்டாலும் நான் செஞ்சது ஒண்ணுதானே.”

மேட்ரன் படிவத்தில் முத்திரை வைத்துக் கோப்பில் சேர்த்தார். மறுநாள் தள்ளுவண்டியில் பூட்டு வைத்த சின்ன டிராயர் ஒன்று வந்து சேர்ந்தது. இடையில் ஓட நேர்ந்தால் கப்பை அதில் வைத்துப் பூட்டிவிட்டு ஓடலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூணுவாட்டி வீட்டுக்குப் போய் டீ போட்டார். கணவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை டப்பா மூன்று தடவை பார்க்கப்பட்டது. வழக்கமான பேச்சுக்கு வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, டம்ளர்களைத் தானே கழுவி எடுத்துவந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்துக்கு டிரைவரின் நாடி அறுபத்தாறு. மூணுவாட்டி இரண்டாம் தடவையும் எண்ணினார். அதே அறுபத்தாறு. டிராயரைத் திறந்து தனிக் கப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கூட்டை இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்.

“பேரைச் சொல்லுங்கண்ணே.”

சொன்னார். விழுங்கினார். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

“போகலாம், ரைட்” என்றார் டிரைவர்.

மூணுவாட்டி பேனாவைத் திறந்தார்.