அடும்பைக் களையென்று பறித்தவன்

நான் பொய் சொன்னேன். ஓர் ஏழைப் பெண்ணின் ஆடுகள்மேல் பழியைப் போட்டு, அவளை அவள் மண்ணிலிருந்தே விரட்டினேன். அந்த ஆடுகள் ஒரு மரக்கன்றைக்கூடக் கடிக்கவில்லை. கன்றுகளைக் கொன்றவன் நானே.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? தெரியவில்லை... மனைவியிடம் சொன்னதில்லை. பூதப்பாண்டிக் கோயிலில் கைகூப்பி நின்றபோதும் உதடு அசையவில்லை. முகம் தெரியாத உங்களிடம் மட்டும் துணிந்து சொல்கிறேன். என் துணிவின் இலட்சணம் அவ்வளவுதான்.

நாடு விடுதலை பெற்று நாலைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. குமரிமுனைக்குக் கிழக்கே, மழை எட்டிப் பார்க்காத கடலோரத்தில், மணல் ஆண்டுதோறும் நகர்ந்து வீடுகளையும் பனைகளையும் மூடிக்கொண்டு வந்தது. மரம் நட்டு அதை நிறுத்த அரசாங்கம் முடிவு செய்தது. நடவுக்கு மேற்பார்வையாளனாக என்னை அனுப்பினார்கள். பூதப்பாண்டியில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம் என்னுடையது. மணலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது என்பதுகூடத் தெரியாது.

தங்கம்மை எங்கள் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்தவள். கணவனை இழந்தவள். மணல்மேட்டின் கீழ்ச்சரிவில் அவள் வீடு. வாசலில் ஒரு கிணறு. கொட்டிலில் ஏழு ஆடுகள். மணல் அந்தக் கிணற்றை நெருங்கிவிட்டிருந்தது. எங்கள் நடவு பிழைத்தால்தான் அவள் பிழைப்பாள். அதனால் மற்றவர்கள் நாலு குடம் சுமந்தால் அவள் ஆறு குடம் சுமந்தாள்.

மேட்டின்மேல் அடும்பங்கொடி படர்ந்து கிடந்தது. இடையிடையே இராவணன் மீசை என்னும் முள்ளுப்புல். எனக்கு அது பொறுக்கவில்லை. களை மண்டிய வயலைப் பார்த்தால் உடையவனைச் சோம்பேறி என்பது எங்கள் ஊர் வழக்கம். வனத்துறை ரேஞ்சர் வேறு பார்வையிட வரப்போகிறார். வரிசை வரிசையாகச் சவுக்குக் கன்றுகள், நடுவே துப்புரவான மண்... என் வயல்காட்டுக் கண் அப்படித்தான் கேட்டது. எல்லாவற்றையும் வேரோடு பறிக்கச் சொன்னேன்.

தங்கம்மை குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"ஏமானே, அடம்ப பறிக்காண்டாம். அதுல்லா மண்ண பிடிச்சிட்டு கெடக்கு. ஆடிக்காத்து வந்தா மண்ணு எளகி வீட்டுக்குள்ள கேறிரும்."

"ஏட்டி, களைய விட்டுட்டு எவனாவது நடுவானா? போயி தண்ணி கோரு."

"மொதல்ல அடம்பும் தாழையும் நிக்கட்டும் ஏமானே. அதுக்க மறவுல சவுக்கு தன்னால வரும்."

நான் சிரித்தேன். குடம் சுமக்கச் சொன்னால் இவள் அறிவுரையும் சேர்த்துச் சுமக்கிறாளே என்று கேலி பேசினேன். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். ரேஞ்சர் வந்தார், பார்த்தார், மெச்சிவிட்டுப் போனார்.

ஆடி பிறந்தது. மூன்று நாள் காற்று... கண்ணைத் திறக்க முடியாத காற்று. பிடிமானம் இழந்த மணல் மொத்தமாக எழுந்து பாதிக் கன்றுகளைப் புதைத்தது. மீதியை வேர் தெரிய வாரிப் போட்டது. தங்கம்மையின் கிணறு இருந்த இடமே தெரியவில்லை.

தவறு என்னுடையது. இரண்டே சொற்கள்! சொல்லியிருக்கலாம் அல்லவா? வேலை போய்விடும் என்ற அச்சமா? அதுவும் உண்டு. ஆனால் அதைவிட, தண்ணீர் சுமக்கிறவள் சொன்னது சரி, நான் செய்தது பிழை என்று ஆகிவிடுமே... அந்த வெட்கம்தான் என் நாக்கைப் புரட்டியது. காற்று என்று மட்டும் எழுதினால் மண் ஏன் இளகியது என்று கேட்பார்கள். காற்றுக்கு முன்பே கன்றுகளை ஆடு மேய்ந்து அழித்துவிட்டது, அதனால்தான் மண் இளகியது என்று அறிக்கை எழுதினேன். பக்கத்தில் ஆடு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

ரேஞ்சர் அவளை அழைத்து விசாரித்தார். அவள் அழவில்லை. என் பக்கம் கை காட்டினாள்.

"எனக்க ஆடு கெட்டுலதான் கெடந்துது. ஏமான் எல்லாம் கண்டவருல்லா, ஏமானுட்டயே கேளுங்க."

என்னைச் சாட்சிக்கு அழைத்தாள்! அறிக்கை எழுதியதே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. ரேஞ்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆடுதான் ஐயா" என்றேன். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேனா? இல்லை... இன்றுவரை அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆடுகளைப் பட்டியில் அடைத்தார்கள். தண்டம் கட்டி மீட்க அவளால் முடியவில்லை, ஏலத்தில் போயின. ஆடும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. மண்டைக்காட்டில் தம்பி வீட்டோடு போய்ச் சேர்ந்தாள்.

மறு ஆண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் அடும்பு. பிறகு தாழை. அவற்றின் மறைவில் சவுக்கு. அவள் சொன்ன முறை, ஒன்றுகூட மாறாமல்! மணல் நின்றது. புல் வந்தது, குருவி வந்தது. "இதை எங்கே கற்றீர்?" என்று ரேஞ்சர் வியந்து கேட்டார். "பட்டறிவு" என்றேன். யாருடைய பட்டறிவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

தமிழகத்தோடு சேரப்போகிறோம் என்று இப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு. போன மாசியில் அம்மன் கொடைவிழாவுக்கு மண்டைக்காடு போனபோது அங்கும் அதே பேச்சுதான். கூட்டத்தில் தங்கம்மையைக் கண்டேன். விலகி நடந்தேன், அவளே கூப்பிட்டாள். ஆடுகளைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"மண்ணு நின்னுட்டா ஏமானே?"

"நின்னாச்சு."

"நல்லதாப் போச்சு. அப்பம் நான் திரும்பி வரலாமா? கெணத்த ரெண்டாள வச்சித் தோண்டிக்கிடலாம்."

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன சொல்வது? மணல் நின்றது உண்மை... அவள் போனபின் மூடிய அவள் வீட்டின்மேல், அவள் கிணற்றின்மேல் நின்றுவிட்டது. அங்கே இப்போது காடு. அந்த வேர்களை இறக்கியவன் நான். உள்ளே யாரும் ஒரு பிடி மண் கிளறக்கூடாது என்று பலகை வைத்தவனும் நான்.

உண்மையைச் சொல்ல அம்மன் சந்நிதியிலேயே எனக்கு இடம் கிடைத்தது. வாயைத் திறந்தேன்... "பாப்போம்" என்றேன்.

அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். மாதம் ஒருமுறை, மீன் கொண்டுவருகிறவர்களிடம் சொல்லி அனுப்பிக் கேட்கிறாள், எப்போது வரலாம் என்று. நானும் பதில் சொல்லி அனுப்புகிறேன், அடுத்த மாதம் பார்ப்போம் என்று.